கையைக் கடிக்காமல் கண்ணுக்கு நிறைவாக: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில், நைந்த சட்டைக் காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்தால் சட்டைக்கு இன்னும் இரண்டு வருஷம் ஆயுள் கிடைக்கும் என்று போகிறபோக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்த பிறகு இந்த இதழ் முழுவதையும் அந்த விஷயத்துக்கே ஒதுக்கிவிட்டேன். பணம் இல்லை, ஆனால் நாலு பேர் முன்னால் போய் நின்றாக வேண்டும் என்பதைத்தான் எல்லோரும் வேறு வேறு வார்த்தைகளில் கேட்டிருக்கிறீர்கள். பதினாறு வருஷம் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, பெரும்பாலும் மற்றவர்களின் பழைய துணியை ஆல்டர் செய்தே பிழைத்தவள் என்பதால், இதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

கேள்வி: அடுத்த மாதம் முதல் முறையாக ஆபீஸ் வேலைக்குப் போகிறேன். முதல் சம்பளம் வரும்வரை என்னிடம் இருப்பது மிகச் சிறிய தொகை. மூன்று சட்டை, இரண்டு பேன்ட் இருக்கிறது, எல்லாமே தொளதொளவென்று இருக்கும். முதலில் எதை வாங்கட்டும்?

பதில்: தம்பி, முதல் ஒரு வாரம் எதையுமே வாங்காதீர்கள். இருக்கிற ஐந்து உருப்படியையும் எடுத்து வெளிச்சத்தில் போட்டு, ஒவ்வொன்றையும் உடுத்திக் கண்ணாடி முன்னால் நின்று பாருங்கள். "தொளதொள" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், பாதிப் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. விலை உயர்ந்த சட்டை அளவு தப்பாக இருந்தால் அடுத்தவர் சட்டையைக் கடன் வாங்கிப் போட்டதுபோல் தெரியும். சாதாரணச் சட்டை அளவாக இருந்தால் யாரும் விலையைப் பற்றி யோசிக்கக்கூட மாட்டார்கள். இதை நான் ஆயிரம் பேரிடம் பார்த்திருக்கிறேன்.

முதலில் தோளைப் பாருங்கள். கையை உடம்போடு சேர்க்கும் தையல் உங்கள் தோள் எலும்பு முடிகிற இடத்தில் நிற்க வேண்டும். அது கைப்பக்கம் இறங்கித் தொங்கினால் அந்தச் சட்டையை ஆல்டர் செய்யக் கொடுக்காதீர்கள், ஏனென்றால் தோளைக் குறைப்பது கையை முழுக்கப் பிரித்துத் திரும்ப ஏற்றுகிற வேலை, கூலியும் கூடும், நன்றாக வருமா என்பதும் டெய்லரின் கையைப் பொறுத்தது. தோள் சரியாக இருந்து இடுப்புப் பக்கம் மட்டும் பலூன் மாதிரி இருந்தால் கவலையே வேண்டாம், இரண்டு பக்கத் தையலையும் உள்ளே பிடித்தால் போதும், எந்த டெய்லரும் அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுப்பார். கை நீளம் மணிக்கட்டு எலும்பில் முடிய வேண்டும். காலர் பட்டனைப் போட்ட பிறகு கழுத்துக்கும் காலருக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் இடம் இருந்தால் பெரிய சட்டை என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.

பேன்ட்டில் நீளம்தான் முக்கியம். ஷூ மேல் துணி மடிப்பு மடிப்பாகக் குவிந்து கிடந்தால் ஆள் குள்ளமாகவும் சோர்வாகவும் தெரிவார். ஷூவின் மேல்புறத்தை லேசாகத் தொட்டு நிற்கிற அளவுக்கு ஹெம்மிங் போடச் சொல்லுங்கள். இடுப்பைக் குறைக்கலாம், முழங்காலுக்குக் கீழே அகலத்தைக் குறைக்கலாம். பெரிதாக்க வேண்டும் என்றால் மட்டும் உள்ளே திருப்பிப் பார்த்து, தையலுக்கு அந்தப் பக்கம் துணி விட்டிருக்கிறார்களா என்று கவனியுங்கள், துணி இல்லாத இடத்தில் யாராலும் எதையும் செய்ய முடியாது. இன்னொன்று, புதுப் பருத்தித் துணியை ஆல்டர் செய்யக் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு தடவையாவது துவைத்துவிடுங்கள். நெய்யும்போது இழுத்துப் பிடிக்கப்பட்ட நூல் முதல் துவைப்பில்தான் தளர்ந்து சுருங்கும். அப்படிச் செய்யாமல் அளவாகப் பிடித்துத் தைத்த பேன்ட் கணுக்காலுக்கு மேலே ஏறிப்போய், அதைப் பிடித்துக்கொண்டு கடைக்குத் திரும்பி வந்தவர்கள் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

அப்புறம் சின்ன வேலைகள். தொங்குகிற நூலை எல்லாம் கத்தரியால் வெட்டுங்கள், இழுக்காதீர்கள். ஒரு பட்டன் மட்டும் வேறாக இருந்தால் மொத்தப் பட்டனையும் மாற்றிவிடுங்கள். பட்டன் ஒரு செட் மிக மலிவு, ஆனால் சட்டையின் முகமே மாறிவிடும். காஜா பிரிந்திருந்தால் அதே நிற நூலால் சுற்றிக் கட்டுங்கள். துணி மேல் நூல் பந்து பந்தாகச் சுருண்டிருந்தால் துணியை இறுக்கமாக விரித்துப் பிடித்து, ஷேவிங் ரேஸரைப் படுக்கையாக வைத்து மெதுவாக இழுங்கள், அழுத்தினால் ஓட்டை விழும், அவ்வளவுதான் எச்சரிக்கை.

இதெல்லாம் முடிந்த பிறகும் காசு மிச்சம் இருந்தால் வரிசை இப்படி: முதலில் ஷூ, அதுவும் இருப்பது பிய்ந்திருந்தால் மட்டும். அடுத்து கரு நீலம் அல்லது அடர் சாம்பல் நிறத்தில் ஒரு பேன்ட். அதன் பிறகுதான் சட்டை. கறுப்பு வேண்டாம் என்று சொல்வேன், மலிவான கறுப்புத் துணி பத்துத் துவைப்பில் வெளுத்துவிடும், அதோடு எந்தத் தூசியும் அதில் பளிச்சென்று தெரியும். சட்டை வாங்கும்போது பூப்போட்டது, பெரிய கட்டம் போட்டது எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். "செவ்வாய்க்கிழமையும் இதைத்தானே போட்டிருந்தார்" என்று மற்றவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது டிசைனைத்தான், வெறும் வெளிர் நீலச் சட்டையை அல்ல. எல்லாச் சட்டையும் எல்லாப் பேன்ட்டோடும் சேர்கிற நிறத்தில் இருந்தால் 5 சட்டையும் 3 பேன்ட்டும் 15 ஜோடி. இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. 1985ல் நியூயார்க்கில் டோனா காரன் என்ற வடிவமைப்பாளர் தன் பெயரில் முதல் ஆடைத் தொகுப்பை வெளியிட்டபோது, ஒன்றோடொன்று மாற்றி மாற்றிச் சேர்த்துப் போடக்கூடிய ஏழு உருப்படிகள் போதும் என்பதைத்தான் அடிப்படையாக வைத்தார். அவர் வசதி படைத்த பெண்களுக்காகச் செய்தார், நாம் வேறு காரணத்துக்காகச் செய்கிறோம், கணக்கு ஒன்றுதான்.

கேள்வி: என் வெள்ளைச் சட்டைகள் எல்லாம் காலரிலும் அக்குளிலும் மஞ்சளாகிவிட்டன. இன்னொரு பாலியஸ்டர் சட்டை துவைத்துக் காயவைத்த பிறகும், போட்ட அரை மணி நேரத்தில் வாடை வருகிறது. புதிது வாங்கும் நிலையில் இல்லை.

பதில்: புதிது வாங்க வேண்டியதில்லை. இது அழுக்குப் பிரச்சினை, துணிப் பிரச்சினை இல்லை.

காலரில் படிவது பெரும்பாலும் தோலின் எண்ணெய். சலவைத் தூள் தண்ணீரில் கலந்து மொத்தச் சட்டையையும் ஊறவைக்கும்போது அந்த ஒரு கோடு எண்ணெய்க்குப் போதுமான அளவு சோப்பு போய்ச் சேர்வதில்லை. பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டு, இல்லாவிட்டால் ஷாம்பு, காய்ந்த காலரில் நேராகத் தடவிப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து, இருபது நிமிஷம் விட்டு அப்புறம் துவைக்கப் போடுங்கள். நாலைந்து தடவையில் பழைய கறையும் மங்கிவிடும்.

அக்குள் மஞ்சள் வேறு ரகம். வியர்வையைத் தடுக்கிற ரோல்-ஆன், ஸ்டிக் வகைகளில் இருக்கும் அலுமினிய உப்பு வியர்வையோடு சேர்ந்து துணியில் கெட்டிப்படுவதுதான் பெரும்பாலும் காரணம். அதைக் காலையில் பூசியவுடனே சட்டையை மாட்டுவதால் பாதி சட்டைக்குப் போகிறது. ராத்திரி படுக்கும் முன் காய்ந்த தோலில் பூசுங்கள், அப்போதுதான் அது நன்றாக வேலையும் செய்யும், காலையில் குளித்தாலும் பலன் போகாது. ஏற்கெனவே விழுந்த கறைக்கு ஆக்ஸிஜன் வகை ப்ளீச், அதாவது சோடியம் பெர்கார்பனேட் உள்ள பொடி, அதை வெந்நீரில் கரைத்து ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். குளோரின் ப்ளீச்சை மட்டும் எடுக்காதீர்கள். பாலியஸ்டர் கலந்த வெள்ளையும், இழுபடும் நூல் கலந்த வெள்ளையும் அதில் இன்னும் மஞ்சளாகும், பட்டும் கம்பளியும் பாழாகவே போய்விடும்.

இனி அந்த வாடை. பருத்தி தண்ணீரை உறிஞ்சும். பாலியஸ்டர் தண்ணீரை அவ்வளவாகச் சேர்க்காது, ஆனால் எண்ணெயை விடாமல் பிடித்துக்கொள்ளும். உடம்பு எண்ணெய் துணிக்குள் தங்கி, அதில் கிருமி வாழ்ந்து, நம் உடம்புச் சூட்டில் மறுபடி கிளம்புகிறது, அதனால்தான் காய்ந்திருக்கும்போது தெரியாத வாடை உடுத்திய அரை மணியில் வருகிறது. சட்டையை உள்பக்கம் திருப்பி, ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து அரை மணி ஊறவைத்து, பிழிந்து, அக்குளில் பாத்திரத் திரவம் தடவித் தேய்த்துத் துவையுங்கள். (வினிகரையும் குளோரின் ப்ளீச்சையும் எந்தக் காரணத்துக்காகவும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள், விஷவாயு கிளம்பும்.) வாசனையாக இருக்கட்டும் என்று துணியை மென்மையாக்கும் கண்டிஷனர் ஊற்றுகிறீர்கள் என்றால் இந்தச் சட்டைக்கு நிறுத்துங்கள், அது நூல்மேல் ஒரு படலமாகப் படிந்து வாடையை உள்ளே பூட்டிவைக்கும். சலவைத் தூளையும் கூட்டிப் போடாதீர்கள். அலசலில் போகாமல் துணியில் தங்கும் சோப்பும் அழுக்கைப் பிடிக்கும்.

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பதைப் பணிவு பற்றிய அறிவுரையாகத்தான் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கென்னவோ அது நேரடியான சலவைக் குறிப்பாகத்தான் தெரிகிறது, துணி பாதி, துவைப்பது பாதி. நிறத் துணியை உள்பக்கம் திருப்பி நிழலில் காயவைப்பது, பின்னலாடையைக் கொடியில் தொங்கவிடாமல் தட்டையாகப் பரப்புவது, ரேயான் துணியை முறுக்கிப் பிழியாமல் இருப்பது, இவ்வளவுதான். பருத்தி நனைந்தால் இன்னும் வலுவாகும், ரேயான் நனைந்தால் பலம் குறையும், அதனால்தான் ஒரே மாதிரி பிழிந்தாலும் ஒன்று தாங்குகிறது, ஒன்று கிழிகிறது.

கேள்வி: வீட்டில் இஸ்திரிப் பெட்டி இல்லை. வெளியில் கொடுக்கவும் கட்டுப்படியாகவில்லை. சுருக்கத்தோடு போகவும் வெட்கமாக இருக்கிறது.

பதில்: பிழிந்தவுடன் இரண்டு கையாலும் பிடித்து நாலைந்து தடவை பலமாக உதறுங்கள், காலர், பட்டன் பட்டி, கஃப் மூன்றையும் விரலால் நீவிவிட்டு, ஹேங்கரில் மாட்டி மேல் பட்டனைப் போட்டுக் காயவையுங்கள். கால்வாசி ஈரம் இருக்கும்போது இன்னொரு தடவை நீவுங்கள். பாலியஸ்டர் கலந்த சட்டை என்றால் இதோடு வேலை முடிந்தது. பருத்தியானால் மடித்துப் படுக்கைக்கு அடியில் ஒரு ராத்திரி வையுங்கள். யாராவது பழைய இஸ்திரிப் பெட்டியைக் கொடுத்தால் சட்டை லேபிளில் உள்ள புள்ளியைப் பார்த்துச் சூடு வையுங்கள்: ஒரு புள்ளி 110 டிகிரி, இரண்டு 150, மூன்று 200. சந்தேகமாக இருந்தால் உள்பக்கம், குறைந்த சூட்டிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: "ஆள் பாதி ஆடை பாதி" என்கிறார்கள். ஆடையைச் சரிசெய்துவிட்டேன், ஆளைச் சரிசெய்ய வழி சொல்லுங்கள். மாநிறத்துக்கும் கொஞ்சம் கறுப்பு. தோழி ஒரு க்ரீம் கொடுத்தாள், பெயர் எதுவும் இல்லாத டப்பா. இரண்டு வாரத்தில் முகம் வெளுத்தது, எல்லோரும் பாராட்டினார்கள். ஒரு நாள் விட்டாலும் எரிகிறது. இது விலை குறைவு என்பதால் தொடரலாமா?

பதில்: தொடரக் கூடாது தங்கச்சி. இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு மனசே சரியில்லை, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெயரில்லாத டப்பாவில் வந்து இரண்டே வாரத்தில் வெளுக்கவைக்கும் க்ரீமில் பெரும்பாலும் மூன்றில் ஒன்று இருக்கும்: ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், பாதரசம். விட்டால் எரிகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது ஸ்டீராய்டின் அடையாளம். மருத்துவர் பார்த்து, குறிப்பிட்ட நோய்க்குக் குறிப்பிட்ட நாள் கொடுத்தால் அது நல்ல மருந்து. அழகு க்ரீமாக மாதக் கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, உள்ளே ரத்தக் குழாய்கள் தெரிந்து, பருவும் முடியும் கிளம்பி, நிறுத்தினால் முகம் தீயாகச் சிவக்கும். ஹைட்ரோகுவினோனை மேற்பார்வை இல்லாமல் நாள்பட பூசியவர்களுக்கு முகத்தில் நீலமும் கறுப்புமாகத் திட்டு விழுவது உண்டு, அதை எடுப்பது மிகக் கடினம். பாதரசம் சிறுநீரகத்தையே கெடுக்கும். 2013ல் நாடுகள் சேர்ந்து ஏற்றுக்கொண்ட மினமாட்டா உடன்படிக்கை, பாதரசம் சேர்த்த தோல் வெளுப்பு க்ரீம்களைத் தயாரிப்பதற்கும் ஏற்றுமதி, இறக்குமதி செய்வதற்கும் முடிவு கட்டச் சொல்கிறது. டப்பாவில் "மெர்க்குரி", "கேலோமெல்" என்றோ (இரண்டும் பாதரசம்), "பீட்டாமெத்தசோன்", "க்ளோபெட்டசால்", "மோமெட்டசோன்" என்றோ (மூன்றும் ஸ்டீராய்டு) எழுதியிருந்தால் என்ன என்று இப்போது உங்களுக்குத் தெரியும். எதுவுமே எழுதவில்லை என்றால் அது அதைவிட மோசம். நீங்களாகத் திடீரென்று நிறுத்தி முகம் எரிய வீட்டிலேயே இருக்காதீர்கள், அந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு இந்த வாரமே போங்கள், எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று சொல்வார்கள்.

உங்கள் நிறத்தில் சரிசெய்ய எதுவும் இல்லை. நிறம் வேறு, தோல் ஆரோக்கியமாக இருப்பது வேறு. திட்டுத்திட்டாக இல்லாமல், வறண்டு செதிலாகாமல் இருக்கிற எந்த நிறத் தோலும் பார்க்க அழகுதான், அதற்கு மூன்று பொருளுக்கு மேல் தேவையில்லை. மென்மையான ஃபேஸ்வாஷ் ஒன்று. சாதாரணக் குளியல் சோப்பின் பிஎச் எண் (7க்கு மேலே போனால் காரம், கீழே இறங்கினால் அமிலம்) 9, 10 என்று இருக்கும், தோலோ 5க்குப் பக்கத்தில் லேசான அமிலத்தன்மையோடு இருக்கிறது, அதனால்தான் சோப்பு போட்டவுடன் முகம் இழுக்கிறது. இரண்டாவது வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், குளித்த ஈரத்தோடு பூச வேண்டும். வாங்க முடியவில்லை என்றால் பெட்ரோலியம் ஜெல்லி. 1872ல் காப்புரிமை பெற்ற பழைய பொருள், இன்றைக்கும் தோலின் ஈரத்தைப் பூட்டிவைப்பதில் அதை மிஞ்சியது இல்லை என்றே சொல்லலாம், உதடு, குதிகால், முழங்கை எல்லாவற்றுக்கும் ஒரே டப்பா. பரு வரும் முகமானால் முகத்துக்கு மட்டும் தவிர்த்துவிடுங்கள். மூன்றாவது சன்ஸ்கிரீன். எஸ்பிஎஃப் 30 என்றால் தோலைச் சுடும் புற ஊதா பி கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98, எனவே கூடுதல் விலை கொடுத்து 50, 70 என்று தேட வேண்டாம், 30ஐத் தாராளமாகப் பூசுங்கள். பருத் தழும்பு கறுத்துப்போவது கறுப்புத் தோலில்தான் அதிகம், வெயில் பட்டால் அது மறைய இன்னும் நாள் எடுக்கும், ஆகவே கறுப்பாக இருப்பவருக்கு சன்ஸ்கிரீன் வேண்டாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

எலுமிச்சைச் சாறு, பற்பசை, சமையல் சோடா மூன்றையும் முகத்தில் போடச் சொல்லும் குறிப்புகள் நிறைய வருகின்றன. எலுமிச்சை பூசிக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளமும் கருந்திட்டும் வரும், மற்ற இரண்டும் வெறும் எரிச்சல். பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு ஜெல் மலிவானது, 2.5 சதவீதம் உள்ளதே கிட்டத்தட்ட 10 சதவீதம் அளவுக்கு வேலை செய்யும், எரிச்சல் குறைவு. ஆனால் உங்களுக்கு இப்போது அதுகூட வேண்டாம், முதலில் மருத்துவர். மற்ற வாசகர்கள் போட்டால் காய்ந்த பிறகு சட்டையை மாட்டுங்கள், அது தொட்ட காலரும் தலையணை உறையும் வெளுத்துவிடும்.

கேள்வி: யாரோ உடுத்திக் கழித்த துணியை வாங்கிப் போடுவது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் என் பட்ஜெட்டில் நல்ல துணி அப்படித்தான் கிடைக்கும் போலிருக்கிறது. தயக்கத்தை எப்படி விடுவது?

பதில்: நான் பத்து வயது முதல் இருபது வயது வரை உடுத்தியதில் எனக்கென்று வாங்கியது கைவிரலில் அடங்கும். மற்றதெல்லாம் பெரியம்மா மகளுடையது. ஒரு நாள் வகுப்பில் ஒருத்தி "இது அவள் போட்ட சட்டைதானே" என்று சத்தமாகக் கேட்டாள், அன்றைக்கு ராத்திரி அம்மா எதுவும் சொல்லாமல் அந்தச் சட்டையின் கையைப் பிரித்து, கழுத்தை மாற்றி, வேறு பட்டன் வைத்து, விடிவதற்குள் வேறு சட்டையாக்கிவிட்டாள். எனக்குத் தையல் மேல் ஆசை வந்தது அன்றுதான். அதனால் உங்கள் தயக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. ஒப்பவில்லை என்றால் கட்டாயப்படுத்திக்கொள்ள வேண்டாம், உள்ளாடை, சாக்ஸ் போன்றவற்றை நானே பழையதாக வாங்க மாட்டேன். மேலாடைக்கு மட்டும் ஒரு முறை முயன்று பாருங்கள்.

வாங்கும்போது துணியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். நைந்த இடம் வலைபோலத் தெரியும், முக்கியமாக முழங்கை, பேன்ட் உள்தொடை, உட்காரும் இடம். அக்குளைத் திருப்பி முகர்ந்து பாருங்கள், கூச்சப்படாதீர்கள். ஜிப்பை மூன்று தடவை ஏற்றி இறக்குங்கள். காலரின் மடிப்பு விளிம்பு நைந்திருந்தாலும் சட்டை நல்லதானால் எடுங்கள், திருப்பித் தைக்கலாம். எழுதியிருக்கும் சைஸை நம்ப வேண்டாம், ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு அளவு. வீட்டில் உங்களுக்கு மிக நன்றாகப் பொருந்தும் ஒரு சட்டை, ஒரு பேன்ட்டைத் தரையில் விரித்துத் தோள், மார்பு, நீளம், இடுப்பு, தொடை அளந்து சின்னத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, இஞ்ச் டேப்போடு போங்கள்.

போலித் தோல் கைப்பை, ஷூ, ஜாக்கெட் மட்டும் பழையதாக வாங்காதீர்கள். அதன் மேல்பூச்சான பாலியூரித்தேன் காற்றின் ஈரத்தால் தானாகவே சிதையும், உபயோகிக்காமல் அலமாரியில் இருந்தாலும் உதிரும், புதிது போல் இருந்தது இரண்டு மாதத்தில் செதில் செதிலாகக் கொட்டும். நிஜத் தோல் பழையதானால் பாலிஷ் போட்டு மீட்டுவிடலாம்.

வீட்டுக்கு வந்ததும் துணி தாங்குகிற அளவு வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். அதன் பிறகு அது உங்கள் துணி.

கேள்வி: குழந்தை பிறந்து ஒன்றரை வருஷம். பழைய துணி எதுவும் ஏறவில்லை. எப்படியும் மெலிந்துவிடுவேன், அதற்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று இரண்டு நைட்டியிலும் கணவரின் டி-ஷர்ட்டிலும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வெளியே போகவே பிடிக்கவில்லை. இது காசு மிச்சம் பிடிப்பதா, முட்டாள்தனமா?

பதில்: முட்டாள்தனம் இல்லை, ஆனால் மிச்சமும் இல்லை. இந்த ஒன்றரை வருஷமும் உங்கள் வாழ்க்கைதானே. மெலிவது எப்போது என்று தெரியாது, மெலிந்தாலும் உடம்பு வேறு வடிவத்தில்தான் வந்து நிற்கும், அதற்கும் பழைய துணி பொருந்தாமல் போகலாம். இன்றைய உடம்புக்கு மூன்றே உருப்படி வாங்குங்கள்: இரண்டு மேலாடை, ஒரு கீழாடை. அதோடு, இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள், அளவான ஒரு நல்ல உள்ளாடை. பிரசவத்துக்குப் பிறகு மார்பளவும் விலா அளவும் மாறியிருக்கும், பழைய பிராவை இழுத்துப் போட்டுக்கொண்டு மேலே எந்தச் சட்டை போட்டாலும் விழுவது சரியாக வராது. அது இருந்தால் பழைய மேலாடைகளிலேயே ஒன்றிரண்டு திடீரென்று நன்றாகத் தெரியும்.

பழைய துணிகளில் உள்ளே துணி விட்டிருப்பதைத் தனியே எடுத்துப் பிரிக்கக் கொடுங்கள். இல்லாதவற்றுக்குப் பக்கவாட்டில் அக்குளிலிருந்து கீழ்வரை ஒரு பட்டை ஒட்டுத்துணி வைத்துத் தைக்கலாம். வேறு நிறமானால் இரண்டு பக்கமும் ஒரே அகலத்தில் வைக்கச் சொல்லுங்கள், டிசைன் போலவே இருக்கும். மீதியைப் பெட்டியில் போட்டுக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். தினமும் அலமாரியைத் திறக்கும்போது ஏறாத துணி உங்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

கேள்வி: ஒரே ஒரு ஜோடி ஷூ. தினமும் அதுதான். ஆறு மாதத்துக்கு மேல் தாங்குவதில்லை.

பதில்: தினமும் அது ஒன்றே என்பதுதான் காரணம். ஒரு நாள் முழுக்கக் கால் வியர்த்த ஈரம் ஒரே ராத்திரியில் காயாது, உள்துணி இற்று, பசை விட்டு, வாடையும் வரும். அடுத்த முறை காசு சேரும்போது இருக்கிற ஷூ பிய்வதற்கு முன்னாலேயே இரண்டாவது ஜோடி வாங்கிவிடுங்கள், மலிவானதானாலும் சரி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டால் இரண்டும் சேர்ந்து தனித்தனியாகத் தாங்குவதைவிட அதிக நாள் தாங்கும். அதுவரை ராத்திரி உள்தகட்டை வெளியே எடுத்துவைத்து, பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணியுங்கள். வெயிலிலோ அடுப்புப் பக்கத்திலோ வைக்க வேண்டாம், பசை இளகும், தோல் வெடிக்கும். குதிகாலின் அடித் தேய்மானம் ஒரு பக்கமாகத் தெரிய ஆரம்பித்தவுடன் செருப்புத் தைப்பவரிடம் அடி மாற்றிவிடுங்கள், மேலே ஏறித் தேய்ந்த பிறகு போனால் இரண்டு மடங்கு வேலை. புது லேஸ் போடுங்கள், பழைய ஷூவில் கண் முதலில் போவது அழுக்கு லேஸுக்குத்தான்.

கேள்வி: என் மகன் கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். நண்பர்கள் எல்லோரும் பிராண்டட் துணி போடுகிறார்களாம், தவணையில் வாங்கித் தரச் சொல்கிறான். மறுத்தால் முகம் வாடுகிறது. என்ன செய்ய?

பதில்: ஐயா, தவணையில் துணி வாங்காதீர்கள். தவணை முடிவதற்குள் துணி வெளுத்துவிடும். ஆனால் பையனின் முகவாட்டத்தை அற்பம் என்று தள்ளிவிடவும் வேண்டாம், அந்த வயதில் அது நிஜமான வலி. வருஷத்துக்குத் துணிக்கென்று உங்களால் முடிந்த தொகை எவ்வளவோ அதை அவன் கையிலேயே கொடுத்து, "இதற்குள் நீயே முடிவு செய்" என்று சொல்லிவிடுங்கள். ஒரு கணக்கும் சொல்லிக்கொடுங்கள்: விலையை, எத்தனை தடவை போடுவோம் என்பதால் வகுக்க வேண்டும். இரண்டு மடங்கு விலையுள்ள சட்டையை நாலு மடங்கு தடவை போட முடிந்தால் அதுதான் மலிவு. ஆனால் அந்தக் கூடுதல் விலை துணிக்கா, மார்பில் இருக்கும் சின்னத்துக்கா என்று பார்க்கத் தெரிய வேண்டும். கடையில் சட்டையை உள்ளே திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள், தையல் நெருக்கமாக இருக்கிறதா, ஓரம் பிசிறு விடாமல் மடித்திருக்கிறார்களா, கட்டம் போட்ட துணியானால் பாக்கெட்டில் கட்டம் நேராக ஒட்டுகிறதா. முதல் வருஷம் மொத்தக் காசையும் ஒரே ஷூவில் போட்டுவிட்டு வந்து நிற்பான். திட்டாதீர்கள். அந்த ஷூவைத் துடைத்துத் துடைத்து வைப்பான் பாருங்கள், அடுத்த வருஷம் அவனே உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பான்.